இருபது விநாடி அவகாசம்

இணையத்தில் ஓர் உதவித்தொகை விண்ணப்பம். எனக்குப் பார்வை கிடையாது. திரைவாசிப்பான் படிக்கக் கேட்டுத்தான் நிரப்புகிறேன். முக்கால் மணி நேரம் போயிற்று. குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இருந்தது, எல்லாம் சரியாகவே படித்தது. கடைசிப் பக்கத்தில் ரேஷன் கார்டு எண் கேட்டது. எழுந்துபோய் பீரோவில் தேடி எடுத்து, பக்கத்து வீட்டு அக்காவைப் படிக்கச் சொல்லி, எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். அதற்குள் ‘இன்னும் நேரம் வேண்டுமா?’ என்று காலி நாற்காலியைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தது தளம்.

புகார் சொல்லப் போன் பண்ணினேன். “சார், எல்லா ஸ்டாண்டர்டும் பாஸ் ஆயிருக்கு. இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றீங்க?”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் பிரச்சினையே. உலகம் முழுக்கப் பின்பற்றும் டபிள்யூசிஏஜி விதிகளில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படிகள். பல நாட்டுச் சட்டங்களும் நம் அரசுத் தளங்களுக்கான வழிகாட்டியும் ஏஏ-யோடு நின்றுவிடுகின்றன. நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ள 20 விநாடி கொடுத்தால் முதல் படியில் பாஸ். மறுபடி உள்ளே வரும்போது நிரப்பியது அப்படியே இருக்க வேண்டும் என்பதோ மூன்றாம் படி. எளிய நடையும், காணொளிக்குச் சைகைமொழியும் அங்கேதான். அதாவது, மனசிருந்தால் செய்யலாம்.

அந்த மூன்றாம் படியை எட்டினாலும் எல்லோருக்கும் போதாது என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. நம் ஆட்கள் அந்த வரியை மட்டும் படிப்பதில்லை.

குறைந்தபட்சம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் இல்லாத தளங்களில் முட்டி மோதியவன் நான். ஆனால் அது தரை. தரை போட்டுவிட்டு, வீடு கட்டியாச்சு என்பீர்களா? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. வாழ்வுரிமைக்குப் பாஸ் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

செலவாகும் என்பார்கள். ஆன்லைன் கடையில் சட்டையைக் கூடையில் போட்டுவிட்டு மறந்து போனாலும் அது நாள்கணக்கில் காத்திருக்கிறது. வாங்குகிறவனை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரிந்த கணினிக்கு, விண்ணப்பிக்கிறவனை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாதா?

சான்றிதழ் வாங்கும் முன் எங்களில் ஒருவரை, சம்பளம் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். பக்கத்தில் நின்று சொல்லித் தராதீர்கள். அவர் ரேஷன் கார்டு தேட எழுந்து போகட்டும். திரும்பி வரும்போது உங்கள் தளம் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள்.