பின்பாரம்

மாட்டு வண்டில் கட்டி வாழ்ந்த தலைமுறையினர் பௌதிகவியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் பாரத்தின் இயல்பை அவர்கள் அறிந்திருந்த அளவுக்கு, அதைப் புத்தகத்திற் படித்த நாம் அறிந்திருக்கிறோமா என்பது எனக்கு ஐயமே. நெல் மூடைகளை வண்டிலில் அடுக்கும்போது அநுபவசாலியான ஒருவர் முன்னே நின்று நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் “முன்பாரம்” என்பார். தானே மேலெழுந்தால் “பின்பாரம்” என்று சொல்லி ஒரு மூடையை முன்னே இழுத்து வைக்கச் செய்வார். முன்பாரமானால் எருதின் கழுத்து நோகும்; பின்பாரமானாலோ நுகம் மேலெழுந்து கயிறு அதன் தொண்டையை நெரிக்கும். இரண்டும் ஆகா. இந்தச் சோதனை முடியாமல் வண்டில் படலையைத் தாண்டாது.

எங்கள் நெடுங்கேணியில் வண்டில் இன்று காண்பதற்கு அரிது. அதன் வேலையை மோட்டார் சைக்கிள் ஏற்றுக்கொண்டுவிட்டது. வண்டில் போயிற்று, அதனோடு நுகத்தைத் தூக்கிப் பார்க்கும் அந்தக் கையும் போயிற்று. நான் வருந்துவது இந்த இரண்டாவது இழப்புக்கே.

மேனாடுகளில் நெடும்பயணத்திற்கென்றே தனியாக மோட்டார் சைக்கிள்கள் செய்கிறார்கள். இருவர் அமர்ந்து, இருபுறமும் பெட்டிகளைப் பூட்டி, நாட்கணக்காக ஓடுவதற்கு ஏற்றவை அவை. நம்மவரிடம் உள்ளவை 100, 125 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள சிறு இயந்திரங்கள். ஆனால் ஏற்றும் சுமையை நோக்கினால் உண்மையான நெடும்பயண வண்டி நம்முடையதுதான். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னே ஓர் உரப்பை அரிசி என்று புளியங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டிறங்கி, காட்டினூடே நெடுங்கேணிக்கு வரும் வண்டிகளைப் பொழுதுபடும் நேரத்தில் எவரும் காணலாம். அவ்வண்டி முடக்கொன்றில் விழுந்துவிட்டால் ஊரார் காரணம் சொல்லத் தாமதிப்பதில்லை. “ஓட்டம் கூடிப்போச்சு” என்பது ஒன்று. “விதி” என்பது மற்றொன்று. கரியரில் என்ன கட்டியிருந்தது, அது எங்கே கட்டியிருந்தது என்று கேட்பாரை நான் கண்டதில்லை.

இக்கேள்வியை எனக்கே கற்றுத்தந்தவன் ஒரு மாணவன். அவனுடைய தந்தை முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து எங்கள் பகுதியில் விற்பவர். விடுமுறை நாட்களில் மகனும் போய்வருவான். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றான். “சேர், வெறும் பெட்டியோடை போகேக்கை ஒண்டும் இல்லை. மீனோடை திரும்பி வரேக்கை மட்டும் அந்த முடக்கிலை பின்பக்கம் ஏன் நெளியுது?” என்றான். அன்றுதான் விசைத் திருப்பம் படிப்பித்திருந்தேன். கதவையும் பிணைச்சலையும் உதாரணம் காட்டியிருந்தேன். வெளியே வேம்பின் கீழ் நின்ற அவனது மோட்டார் சைக்கிள் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

போய்ப் பார்த்தேன். மீன்பெட்டி முழுவதும் பின்சில்லின் அச்சுக்குப் பின்னே தொங்கியது. ஏனென்று கேட்டேன். பின்னிருக்கையை அம்மாவுக்காக ஒழித்து விட்டிருக்கிறது என்றான். கரும்பலகைக்குத் திரும்பி இருவருமாகக் கணக்கிட்டோம். மீனும் ஐசும் பெட்டியுமாக 50 கிலோ என்க. அதன் நடு, பின் அச்சுக்கு 25 சென்ரிமீற்றர் பின்னே உள்ளது. இரு சில்லுகளின் அச்சுகளுக்கும் இடையே 125 சென்ரிமீற்றர். அவ்வாறாயின் பின்சில்லின்மேல் ஏறும் சுமை 50 கிலோவன்று, 60 கிலோ. மேலதிகமான அந்தப் பத்துக் கிலோ எங்கிருந்து வந்தது? முன்சில்லிலிருந்து களவு போயிற்று. வண்டிலின் நுகம் எழுந்தது போலவே இங்கே முன்சில்லு எழ முயல்கிறது. வண்டியும் ஓட்டுபவனுமாக முன்சில்லை அழுத்தும் பாரம் 70 கிலோ என்று வைத்தால், வழிகாட்ட வேண்டிய சில்லு தன் பிடியில் ஏழிலொரு பங்கை இழந்துவிட்டது.

நேர்வழியில் இது தெரியாது. முடக்கில் வண்டி சாயும்போதுதான் வெளிப்படும். முன்சில்லு வளைவை விட்டு வெளியே போகப் பார்க்கும். பாரம் மிகுந்த பின் ரயர் பக்கவாட்டில் நசியும். உயரத்தில், அச்சுக்குப் பின்னே கட்டிய பெட்டி ஒருபுறம் போய், ரயர் அதை மீட்க, அது மறுபுறம் போகும். செக்கனுக்கு இரண்டு மூன்று தடவை நிகழும் இந்த ஆட்டத்தையே மாணவன் ‘நெளிவு’ என்றான். பெட்டிக்குள் உருகிய ஐஸ் நீர் அலைவது வேறு! அஞ்சியவன் நடுமுடக்கில் பிறேக்கை அழுத்துவான். விழுவதற்கு அதைவிட இலகுவான வழி இல்லை. முடக்குக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, உள்ளே ஒரே சீராக இழுக்கவிட்டுச் செல்பவன் பிழைப்பான்.

மாணவன் சொன்ன நெளிவு அறிஞருக்குப் புதியதன்று. ஆர். எஸ். ஷார்ப் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1971-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் மோட்டார் சைக்கிளின் நிலைகுலைவுகளை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: மெல்லச் சாய்தல், வண்டி முழுவதும் நெளிதல், முன்சில்லு நடுங்குதல். பின்சில்லைத் தாங்கும் பாகம் முறுகிக் கொடுத்தால் நெளிதல் மிகும் என்பதும் அவருடைய ஆய்வுகளிற் புலனாயிற்று.

பந்தயக்காரர்கள் இதனை முன்னரே உடலால் உணர்ந்திருந்தார்கள். அயர்லாந்தைச் சேர்ந்த றெக்ஸ் மக்கண்ட்லெஸ் நோட்டன் வண்டிக்கென ஒரு புதிய சட்டகம் அமைத்தார். பின்சில்லை ஒரு கவையிற் பூட்டி, அக்கவையை முன்முனையில் ஊஞ்சல்போல அசையவிட்டு, சட்டகத்தை மட்டும் முறுகாதபடி இறுக்கமாக்கினார். அதில் ஓடிப்பார்த்த ஹரல்ட் டானியல், இறகு மெத்தையில் ஏறியதுபோல் இருக்கிறது என்றாராம். அதுவே அச்சட்டகத்துக்குப் பெயராயிற்று. 1950-இல் மான் தீவுப் போட்டியில் ஜெஃப் டியூக் அவ்வண்டியில் வென்றார். இயந்திரம் என்னவோ பழைய ஒற்றைச் சிலிண்டர்தான். மாறாக, 1952 ஜனவரியில் புவனொஸ் அயர்ஸிலிருந்து புறப்பட்ட சே குவேராவும் அவர் நண்பர் கிரனாடோவும் ஏறிச் சென்றது பழைய நோட்டன். இருவரும் மூட்டை முடிச்சுகளுமாக அவர்கள் எத்தனை தடவை விழுந்தெழும்பினார்கள் என்பதை அந்தப் பயண நூலைப் படித்த இலக்கிய அன்பர்கள் நினைவுகொள்வர். வண்டி சிலியில் உயிரை விட்டது.

இன்று நம்மவர் ஓட்டும் வண்டிகளிலும் அந்த அசையும் கவையே உள்ளது. அதன் மூட்டிலுள்ள புஷ் தேய்ந்துவிட்டால் எத்தனை பெரிய மேதை செய்த சட்டகமாயினும் பயனில்லை. முன்சில்லு பார்க்கும் திசை ஒன்றாகவும் பின்சில்லு பார்க்கும் திசை வேறாகவும் போய், பின்சில்லே வண்டியைத் திருப்பத் தொடங்கும். வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்திப் பின்சில்லை இரு கையாலும் பிடித்து இடம்வலமாக அசைத்தால் போதும். கடகடத்தால் கராச்சுக்குப் போகவேண்டும். இதற்கு அரை நிமிடம் செல்லாது. நுகத்தைத் தூக்கிப் பார்ப்பதற்கு இணையான சோதனை இதுவென்பேன்.

வீதி திருந்தினால் எல்லாம் திருந்தும் என்போர் உளர். வீதி ஓரளவு திருந்தித்தான் இருக்கிறது. ஆனால் காப்பெற் இட்ட வீதியில் அறுவடைக் காலத்தில் நெல் காய்கிறது; கிரவல் ஒழுங்கைகளிலிருந்து ஏறும் உழவு இயந்திரங்கள் முடக்குகளிலேயே மண்ணைக் கொட்டிச் செல்கின்றன. நல்ல வீதி வேகத்தையும் கூட்டியிருக்கிறது. 30 மீற்றர் ஆரையுள்ள முடக்கில் மணிக்கு 40 கிலோமீற்றரில் செல்பவர் ஏறத்தாழ 23 பாகை சாய்ந்தாற் போதும். 60 கிலோமீற்றராயின் 43 பாகை சாயவேண்டும். பாரம் ஏற்றிய சிறுவண்டிக்கு அது ஆகாத காரியம். ஆகவே வேகத்தைப் பழிப்பவரோடு எனக்கு வழக்கில்லை. வேகம் மட்டுமே என்பவரோடுதான் வழக்கு.

ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்துக்கு நாம் தனியாக, வெறும் வண்டியை ஓட்டிக் காட்டுகிறோம். மறுநாளே ஒரு மூடையை ஏற்றுகிறோம். அப்பரீட்சையில் ஒருமுறையேனும் பாரம் ஏற்றிய வண்டியைத் திருப்பிக் காட்டச் செய்தால் என்ன? அது நடக்க நாளாகும். பாடசாலையில் நாளைக்கே செய்யலாம். திருப்பம் படிப்பிக்கும் ஆசிரியர் கதவை விட்டு முற்றத்துக்கு இறங்கட்டும். அங்கே நிற்கும் தம்முடைய மோட்டார் சைக்கிளையே கருவியாக்கட்டும். கனமானதைத் தாழவும் முன்னேயும் வை, இருபுறப் பைகளும் ஒத்த நிறையாக இருக்கட்டும், பாரத்துக்குத் தக்கபடி பின் ரயருக்குக் காற்று அடி என்ற மூன்றும் கிராமத்துப் பிள்ளைக்குப் புரியாத கடின தத்துவங்கள் அல்ல. வறியவன் பாரம் ஏற்றக்கூடாது என்று சட்டம் பேசுவோருக்கு அவனுடைய அடுப்பு தெரியாது. அவன் ஏற்றத்தான் போகிறான். எங்கே ஏற்றுவது என்பதைச் சொல்லிக் கொடுப்போம்.

அந்த மாணவனின் வீட்டில் பெட்டி இப்போது முன்னே நகர்ந்து பின்னிருக்கையில் அமர்ந்திருக்கிறது. தாயார் பஸ்ஸில் போகிறார். முடக்கில் நெளிவு பெரிதும் குறைந்துவிட்டதாம். புஷ் மட்டும் இன்னும் மாற்றவில்லை. “அறுவடை முடியட்டும், சேர்” என்கிறான்.