கோபுரம் எங்கே? ஊரார் சொல்லட்டும்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தூரதரிசினி ஒன்று 1986-ஆம் வருஷம் முதல் எட்டாத தூரத்து நட்சத்திரங்களின் ஒளியை வாங்கி வருகிறது. அதே மலையில் அலை கிட்டாத குக்கிராமத்தில் வாழும் மலையாளிப் பழங்குடியினனோ, பிரசவ வேதனைப்படும் மனைவிக்காக 108 வண்டியை அழைக்கக் கைப்பேசியுடன் மேட்டை நாடி ஓட வேண்டும். விஞ்ஞானம் வானத்தை எட்டியும் மலையூரை எட்டாதது விசித்திரமன்றோ?

இதற்குப் பணமின்மையே காரணமென்று சொல்வதற்கில்லை. வசதியற்ற 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை அளிக்க 2022 ஜூலையில் மத்திய மந்திரி சபை 26,316 கோடி ரூபாய் அனுமதித்தது. ஆனால் கைப்பேசியின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. குன்று குறுக்கிட்டால் அப்பாலுள்ள ஊருக்கு அது கிட்டாது. ஆகவே மலையில் கோபுரம் எத்தனை என்பதைவிட, எங்கே என்பதே பெரிய கேள்வி. எந்த மேட்டில் நின்றால் பேச்சுக் கேட்கும் என்பதை அங்கு வாழ்பவன் அறிவான். பட்டணத்தில் படத்தைப் பார்த்துப் புள்ளி வைப்பவன் அறியான்.

தொலைத்தொடர்பு மத்திய சர்க்காரின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயம். 2023-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஏற்பட்டு, 1-1-2025 முதல் அமலிலுள்ள வழியுரிமை விதிகள், அதிகாரிகள் அனுமதி வழங்கக் காலக்கெடு விதிக்கின்றன. விரைவை நாம் ஆட்சேபிக்கவில்லை. விரைவு மட்டும் போதாது என்கிறோம். செல்போன் கோபுரங்களுக்குச் சொத்துவரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரமுண்டென்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வரி கேட்க உரிமையுண்டென்று அன்று தீர்ப்பாயிற்று. இடம் சொல்ல மட்டும் உரிமையில்லையா?

வழி இல்லாமற் போகவில்லை. சர்க்கார் நடத்தும் பள்ளி, மருந்தகம், மின்சாரக் கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி முதலியவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைந்த வனநிலத்தைக் கிராம சபையின் சிபாரிசின் பேரில் ஒதுக்க 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இடந்தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாதென்றும் விதிக்கிறது. சட்டம் சொல்வது கம்பியை, கோபுரத்தையல்லவே என்று வாதிப்பாருண்டு. கம்பிக்குரிய நீதி கோபுரத்துக்கும், சர்க்காருக்குரிய நீதி தனியார் கம்பெனிக்கும் பொருந்த வேண்டுமென்பதே நம் கட்சி.

பட்டணங்களில் வீட்டருகே கோபுரம் வேண்டாமென்று ஜனங்கள் ஆட்சேபிக்கிறார்கள். 1-9-2012 முதல் இந்தியாவில் கதிர்வீச்சின் உச்ச அளவு சர்வதேச அளவில் பத்திலொரு பங்காகக் குறைக்கப்பட்டும் அவர்கள் அச்சம் தீரவில்லை. வேண்டாமென்பாரும் வேண்டுமென்பாரும் சொல்லும் குறை ஒன்றே: ‘எங்களைக் கேட்கவில்லை’ என்பது.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஜவ்வாது மலைப் பஞ்சாயத்துகள் அடுத்த கூட்டத்திலேயே தங்கள் எல்லையில் கோபுரத்துக்குத் தக்க இடத்தையும், தொடலாகாத இடத்தையும் குறித்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தொண்டர்கள் மலையேறிச் சென்று சட்டத்தை எடுத்துச் சொல்லட்டும். அத்தீர்மானத்தைப் புறக்கணிக்க முடியாதபடி சர்க்கார் விதி செய்யட்டும். தன் ஊரில் எது எங்கே நிற்பதென்று சொல்ல முடியாத குடிமகனுக்கு, ஸ்வராஜ்யம் என்பது கேள்விப்பட்ட வார்த்தையேயாகும்.