பசங்க சேர்த்த காசு: செலவு செய்யும் உரிமை யாருக்கு, கணக்கு கேட்கும் உரிமை யாருக்கு?

தருமபுரி மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் உணவுத் திருவிழா நடத்துகிறார்கள். வீட்டிலிருந்து கேழ்வரகு அடை, கொள்ளு சுண்டல் செய்து வந்து விற்கிறார்கள். வசூல் ரூ.8,000. விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்பது பேச்சு. ஆண்டு விழா வந்தபோது பந்தல், மைக்செட் செலவுக்கு அந்தப் பணம் போய்விடுகிறது. யாரும் திருடவில்லை. ஆனால் "சார், எங்க பந்து எங்கே?" என்று கேட்கும் பையனுக்குப் பதில் இல்லை.

இது சின்ன விஷயம் இல்லையா என்று கேட்கலாம். தொகை சின்னதுதான். ஆனால் பொதுப்பணம் எப்படிக் கையாளப்படுகிறது என்பதைக் குழந்தைகள் முதலில் பார்ப்பது பள்ளியில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 21-வது பிரிவின்படி, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இக்குழுவின் வேலை. சட்டம் 8-ம் வகுப்பு வரைதான் என்றாலும், தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி வரை இக்குழுக்கள் இயங்குகின்றன.

2010-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள் இன்னும் தெளிவானவை. குழுவுக்கு வரும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கைக்குக் காட்ட வேண்டும்.

அப்புறம் ஓட்டை எங்கே?

அரசு மானியம் குழுவின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. மாணவர்கள் டிசம்பர் 7 கொடிநாளுக்கு வசூலிக்கும் பணம்கூட முன்னாள் படைவீரர் நலனுக்கு என்று தெளிவாகப் போகிறது. ஆனால் உணவுத் திருவிழா, கண்காட்சி, பழைய பேப்பர் விற்பனை மூலம் பசங்களே சேர்த்த காசு? அது பெரும்பாலும் யாரோ ஒரு ஆசிரியரின் மேஜை டிராயரில், ஒரு கவரில் கிடக்கிறது. ரசீதும் இல்லை, பதிவேடும் இல்லை. இதனால் நேர்மையான ஆசிரியருக்கும் ஆபத்துதான். நாளைக்கு ஒருவர் சந்தேகம் கிளப்பினால் காட்டுவதற்கு அவர் கையில் ஒரு தாள்கூட இருக்காது.

மற்ற இடங்களில் எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டப்படி, மாணவர் அமைப்பின் பணத்தைச் செலவழிக்கும் முன் ஒவ்வொரு முறையும் மூன்று பேர் ஒப்புதல் வேண்டும்: கல்வி மாவட்ட அலுவலர் ஒருவர், பொறுப்பாசிரியர், மாணவர் பிரதிநிதி. மாணவர் சம்மதிக்காமல் பணம் நகராது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் மாதிரி விதிகளிலேயே, பெற்றோர் அல்லாத உறுப்பினர் இடங்களில் ஒரு பங்கை உள்ளூர்க் கல்வியாளர் அல்லது பள்ளி மாணவருக்குத் தரலாம் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2024-ல் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கு இடம் கிடைத்தது. இப்போது படிக்கும் மாணவர்களையும் உட்கார வைப்பதில் என்ன தயக்கம்?

என்ன செய்யலாம்?

தலைமையாசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "ஏற்கெனவே ஆயிரம் பதிவேடு. டியூப்லைட் மாத்தறதுக்கும் தீர்மானம் போடணுமா?" என்பார்கள். பல ஆசிரியர்கள் சொந்தக் காசைப் போட்டுப் பள்ளியை ஓட்டுவதும் உண்மை. அதனால் விதி எளிமையாக இருக்க வேண்டும்.

1. வசூலுக்கு முன்பே நோக்கத்தை எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.
2. வசூலான அன்றே இரண்டு மாணவர்கள், ஒரு ஆசிரியர் முன்னிலையில் எண்ணிக் கையெழுத்திட்டு, மறுநாள் வங்கியில் போட வேண்டும்.
3. நோக்கத்தை மாற்றுவதென்றால் மாணவர் பிரதிநிதிகளும் மேலாண்மைக் குழுவும் சம்மதிக்க வேண்டும்.
4. வரவு, செலவு, மிச்சம் என்று ஒரு பக்கக் கணக்கைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவரே படிக்க வேண்டும். அதே தாளை ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் வைக்கலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். இங்கே பல வீடுகளில் ரசீதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான். அரசுப் பள்ளியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கணக்கு கேட்கலாம் என்பது சரி. ஆனால் தான் விற்ற அடைக்கு வந்த காசு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள ஒரு பிள்ளை மனு எழுதும் நிலை வரக்கூடாது. அந்தத் தாள் பள்ளிச் சுவரிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.