படிவம் மாறலாம், படும் பாடு மாறுமா?

சில மாதங்களுக்கு முன்னர் ஊருக்குச் சென்றிருந்தபோது, சில தாள்களைப் பிரதியெடுப்பதற்காக வடமராட்சியில் ஒரு கடைக்குப் போனேன். 'கொமியூனிகேஷன்' என்று ஊரவர் இன்னமும் அழைக்கின்ற கடை. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்காக மக்கள் அங்கு வரிசையில் நின்ற காலம் மலையேறிவிட்டது. இன்று அங்கு நடைபெறும் பிரதான தொழில், அரசாங்கத்தின் இணையப் படிவங்களை மக்களுக்காக நிரப்பிக் கொடுப்பதாகும்.

எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். காலஞ்சென்ற கணவரின் ஓய்வூதியம் தொடர்பாக ஏதோவொரு திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். கடைக்காரப் பையன் புதிய கணினியை விட்டுவிட்டு, மூலையில் துணியால் மூடிக் கிடந்த ஒரு பழைய கணினியைத் தட்டியெழுப்பினான். காரணத்தைக் கேட்டேன். அந்தத் திணைக்களத்தின் படிவம் புதிய உலாவிகளில் திறப்பதில்லையாம். அதற்காகவே அந்தக் கிழட்டுக் கணினியை விற்காமல் வைத்திருப்பதாகச் சொன்னான். படிவம் திறந்தது. ஆனால் நகரவில்லை.

"அம்மா, குடும்பப் பெயர் எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதுக்குள்ள ஏதாவது எழுதாட்டி அங்கால போகாது."

"எனக்கு ஒரு பேர்தானே தம்பி. முன்னுக்கு அவற்ற பேர்."

"அது கொம்பியூட்டருக்கு விளங்காதம்மா."

முதலில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தான். படிவம் ஏற்கவில்லை. பிறகு கணவரின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினான். ஏற்றுக்கொண்டது. ஆனால் இதே படிவம் ஏற்கெனவே ஒரு தடவை, பெயர் அடையாள அட்டையுடன் பொருந்தவில்லை என்ற காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டிருந்ததை அந்த அம்மா பிறகுதான் சொன்னார். அந்த முதல் தடவை தகப்பனாரின் பெயரை எழுதியிருந்தார்களாம். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை என்பதை அறியாத ஒருவர் எங்கோ அமர்ந்து வரைந்த ஒரு சிறு கட்டம், ஒரு விதவைக்குரிய பணத்தை மாதக்கணக்கில் தடுத்து வைத்திருக்கிறது.

அந்தத் திணைக்களம் தனது படிவ முறைமையை விரைவில் மாற்றப் போவதாகவும் பையன் சொன்னான். நல்ல செய்தி. ஆனால் எதை மாற்றப் போகிறார்கள் என்பதே எனது கேள்வி.

பழைய முறைமையோடு மல்லுக்கட்டுவது எமது நாட்டுக்கு மட்டும் உரிய அவலமன்று. தென்னாபிரிக்க இறைவரிச் சேவையின் கதையை வாசகர்கள் சிலர் அறிந்திருப்பர். வரி விபரங்களை இணையத்தில் சமர்ப்பிக்கும் வசதியை 2000களின் முற்பகுதியிலேயே ஏற்படுத்திய முன்னோடி நிறுவனம் அது. அதன் படிவங்கள் அடோபி நிறுவனத்தின் பிளாஷ் என்ற மென்பொருளில் அமைந்திருந்தன. பிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை 2020 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப் போவதாக அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. மூன்றரை ஆண்டுகள் அவகாசம் இருந்தது. அதிகமாகப் பயன்படும் சில படிவங்களைப் புதிய முறைக்கு மாற்றவும் செய்தார்கள். மற்றவை எஞ்சிக் கிடந்தன. 2021 ஜனவரி 12 ஆம் திகதி உலகெங்கும் பிளாஷ் இயங்க மறுத்தது. எஞ்சிய படிவங்கள் வரி செலுத்துவோரின் திரைகளில் திறக்க மறுத்தன.

அந்த நிறுவனம் செய்த பரிகாரம் விசித்திரமானது. அதே மாதத்தின் பிற்பகுதியில், பிளாஷ் படிவங்களைத் திறப்பதற்கென்றே தனக்குச் சொந்தமான ஓர் உலாவியை வெளியிட்டது. உலகம் கைவிட்ட ஒரு மென்பொருளை உயிரோடு வைத்திருப்பதற்கு ஓர் அரச நிறுவனம் தனியாக உலாவி தயாரித்து மக்களைத் தரவிறக்கச் சொன்னது. அதுவும் விண்டோஸ் கணினிகளில் மட்டுமே இயங்கியது. வடமராட்சிக் கடையின் மூலையில் துணி மூடிக் கிடந்த கணினிக்கும் அந்த உலாவிக்கும் என்ன வேறுபாடு? ஒன்றைக் கடைக்காரன் தன் காசில் வைத்திருக்கிறான். மற்றையதை ஓர் அரசாங்கம் மக்கள் காசில் வைத்திருந்தது.

அமெரிக்காவின் அனுபவம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. கூட்டாட்சி அரசாங்கத்தின் மானியங்களுக்கு ஒரே வாயிலினூடாக விண்ணப்பிப்பதற்கென 2003 ஆம் ஆண்டு கிராண்ட்ஸ்.கவ் என்ற தளம் உருவாக்கப்பட்டது. அதன் படிவங்கள் பியூர்எட்ஜ் என்ற நிறுவனத்தின் மென்பொருளில் தயாரிக்கப்பட்டன. அவற்றைத் திறக்கும் மென்பொருளும் விண்டோஸ் கணினிகளில்தான் இயங்கும். மருத்துவ ஆய்வாளர்கள் பலர் அப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டொஷ் கணினிகளைப் பயன்படுத்துபவர்கள். தேசிய சுகாதார நிறுவகங்கள் 2005 டிசம்பர் முதல் படிப்படியாக இணைய விண்ணப்பத்தைக் கட்டாயமாக்கியபோது, புற்றுநோயை ஆராய்பவர் தன் விண்ணப்பத்தை அனுப்ப அயல் அறையில் விண்டோஸ் கணினி தேடவேண்டிய நிலை வந்தது. அதே 2005 இல் பியூர்எட்ஜ் நிறுவனத்தை ஐ.பி.எம். வாங்கிக்கொண்டது.

சில ஆண்டுகளில் படிவங்கள் அடோபி மென்பொருளுக்கு மாற்றப்பட்டன. மெக்கின்டொஷ் பிரச்சினை தணிந்தது. ஆனால் எந்தப் பதிப்பில் திறப்பது, எந்தப் பதிப்பில் சேமிப்பது என்ற புதிய பிரச்சினை பிறந்தது. ஒரு குழுவில் ஒருவர் வேறு பதிப்பில் திறந்து சேமித்தால் விண்ணப்பமே பழுதாகிவிடும். 2009 இல் பொருளாதார மீட்புச் சட்டத்தின் கீழ் விண்ணப்பங்கள் குவிந்தபோது தளம் திணறியது. வேறு வழிகளிலும் விண்ணப்பங்களை ஏற்கலாம் என்று அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் வெள்ளை மாளிகையின் வரவு செலவு அலுவலகமே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. தரவிறக்கும் படிவத் தொகுப்பு முறையை முற்றாகக் கைவிட்டு, இணையத்திலேயே பலர் சேர்ந்து நிரப்பும் முறைக்கு அவர்கள் முழுமையாக வந்து சேர்ந்தது 2017 ஆம் ஆண்டின் முடிவில்தான்.

ஒரு நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுபட்டு இன்னொரு நிறுவனத்தின் பிடியில் விழுந்த காலத்தை நினைத்தால், பழைய குருடி கதவைத் திறடி என்ற எமது மூத்தோரின் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது.

இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. பத்திரிகைத் தொழிலில் நாமும் அதே குழியில் விழுந்தவர்கள்தான். ஈய எழுத்துக்களைக் கைகளால் கோத்த காலத்தில் நான் எழுதியவற்றின் நறுக்குகள் மஞ்சளாகிப் போனாலும் இன்றும் வாசிக்கக்கூடியனவாக என்னிடம் இருக்கின்றன. கணினிக்கு மாறிய பின்னர், தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில் பக்கமாக்கிச் சேமித்த கட்டுரைகளை இன்று என்னால் திறக்க முடியவில்லை. சிரமப்பட்டுத் திறந்தாலும், பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகத் தெரிகின்றன. தாள் காத்ததை இயந்திரம் தொலைத்துவிட்டது.

பாமினியைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஈழத்துத் தமிழ்க் கணினி அச்சுக்கு அந்த எழுத்துரு செய்த சேவை பெரியது. ஆனால் அதில் தட்டெழுதிய தமிழ், கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வடிவம் பூட்டிய வேடம். தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது, வேறொரு முறைமைக்கு அப்படியே கொண்டு செல்லவும் முடியாது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் அதன் பின்னரும் நீண்ட காலமாக எமது அரச அலுவலகங்களின் தமிழ்க் கடிதங்களும் படிவங்களும் பாமினியிலேயே தயாராகின. முறைமை மாறும்போது முதலில் பலியாகும் ஆபத்து இந்தத் தமிழ்ப் பதிவுகளுக்கே உண்டு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டப்புத்தகத்தில் கிடைத்த அந்த இடம் தரவுத்தளத்தில் கிடைக்காவிட்டால் யாருக்கு என்ன பயன்?

பழைய முறைமையை மாற்றாமல் விடுவது சிக்கனம் என்று எண்ணுபவர்களுக்கு 2023 ஆம் ஆண்டு போதிய பதில் சொல்லியிருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அச்சேவை இயங்கிய மென்பொருள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பாகும். அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடிவடைந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறுவது நிதிப் பற்றாக்குறையால் தாமதமானதாகக் கூறப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2021 இல், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச முகிற்கணினியிலிருந்து அழிந்துபோன விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது.

2022 இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற ஒரு நாட்டில் மென்பொருளுக்கு நிதி கேட்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாற்றத்தை அஞ்சும் உத்தியோகத்தர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். இருபது வருடங்கள் பழகிய ஒரு முறைமையின் கோளாறுகள் அவர்களுக்கு மனப்பாடம். எந்தக் கட்டத்தில் எதை இட்டால் அது மௌனமாகும் என்பதை அவர்கள் மட்டுமே அறிவர். அந்த அறிவு எந்தக் கோப்பிலும் இல்லை. புதிய முறைமை வரைபவர்கள் முதலில் போய்க் கேட்க வேண்டியது அவர்களிடந்தான். ஆலோசகர்களின் வண்ணப் படங்களில் அது கிடைக்காது.

எனவே, பழையதை அகற்ற முனையும் எந்தத் திணைக்களத்திடமும் ஒரு சாதாரண குடிமகன் சில கேள்விகளைக் கேட்கலாம். படிவத்தில் உள்ள தகவல்கள் திணைக்களத்துக்குச் சொந்தமா, அன்றேல் மென்பொருளை விற்ற நிறுவனத்துக்கா? நாளை அந்த நிறுவனம் கைமாறினால் அல்லது மூடப்பட்டால் அவற்றை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? எந்தக் கைபேசியிலும் எந்த உலாவியிலும் படிவம் திறக்குமா? தமிழில் நிரப்பினால் தமிழிலேயே சேமிக்கப்படுமா? ஒரு பெயர் மட்டும் உள்ளவரை அது மனிதராக ஏற்றுக்கொள்ளுமா?

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. தாளில் இருந்த படிவத்தை அப்படியே திரையில் வரைவது சீர்திருத்தமல்ல. அடையாள அட்டை இலக்கத்தைப் பெற்றுக்கொண்ட பின்னரும் பிறந்த திகதியை ஏன் கேட்க வேண்டும்? அந்த இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும் நாளும் அடங்கியிருக்கின்றன. கணவர் ஓய்வூதியம் பெற்றவர் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். அதை நிரூபிக்குமாறு விதவையை ஏன் கேட்க வேண்டும்? புதிய முறைமைக்கு ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னர், பழைய படிவத்தை மேசையில் விரித்து வைத்து, தேவையற்ற கேள்விகளைச் சிவப்புப் பேனாவால் வெட்டுங்கள். பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியர்கள் நாள்தோறும் செய்த வேலைதான் அது. செலவு ஒரு பேனா.

அத்துடன், இணையத்தை நெருங்க முடியாதவருக்காகக் கருமபீடத்தில் ஓர் உத்தியோகத்தரும் ஒரு தாளும் இருக்கட்டும். புதிய முறைமை முதல் மாதத்தில் தடுமாறும். அந்த மாதத்தில் எவருடைய கொடுப்பனவும் நின்றுபோகக் கூடாது. அமெரிக்காவே 2009 இல் மாற்றுவழியைத் திறந்துவிட வேண்டியிருந்தது என்றால், வசதி குறைந்த எமது நாட்டில் அது முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும்.

அன்று அந்த அம்மா நூற்றைம்பது ரூபாவைக் கொடுத்துவிட்டு எழுந்தார். "இந்த முறையாவது வருமோ தம்பி?" என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வசனம் தெரிந்தது, விண்ணப்பம் வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டதாக. அதை அவருக்குத் தமிழில் சொல்லுமாறு என்னைப் பார்த்தான். சமர்ப்பிக்கப்பட்டது என்பதை மட்டும் சொன்னேன். வெற்றி என்ற சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை.