கணினி முற்றம்: வைஃபை போனால் நிரல் ஏன் நிற்கிறது?



பல்கலைக்கழகத்தில் படிக்கும் பலருக்குத் தெரிந்த ஒரு தலைவலியோடு இம்மாதம் தொடங்குவோம். ஆய்வுக்கான நீண்ட கணக்கு ஒன்றை எஸ்எஸ்எச் வழியாகச் சர்வரில் ஓடவிடுகிறோம். எட்டு மணி நேர வேலை. ஆறாவது மணியில் வீட்டு வைஃபை அறுந்து இணைப்பு மூடிக்கொள்கிறது. திரும்ப உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கையும் காணோம். சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே வைஃபை போனதற்கு அங்கே ஓடிய நிரல் ஏன் நிற்கவேண்டும்?

இதற்கு விடை, யூனிக்ஸில் உள்ள 'போலி டெர்மினல்' என்ற ஏற்பாட்டில் இருக்கிறது.

1969-இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவான காலத்தில், மனிதரும் கணினியும் பேசிக்கொள்ள டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம் இருந்தது. அன்று பரவலாக இருந்த டெலிடைப் 33 வினாடிக்கு 10 எழுத்துகளை அச்சடிக்கும். இன்றும் யூனிக்ஸில் டெர்மினலுக்கு 'டிடிஒய்' என்று பெயர் இருப்பது அதனால்தான். இன்று அந்த இயந்திரம் இல்லை. திரையில் ஒரு ஜன்னல்தான் இருக்கிறது. ஆனால் நிரல்கள் இன்னமும் டெர்மினலோடு பேசுவதாகவே நினைக்கின்றன. அந்த நினைப்பைக் கெடுக்காமல் இருக்க, கர்னல் இரண்டு முனைகள் கொண்ட ஒரு சோடியைச் செய்து தருகிறது. துணைமுனையை ஷெல்லும் அதில் ஓடும் நிரல்களும் பிடித்திருக்கும். தலைமுனையை டெர்மினல் ஜன்னலோ, சர்வரில் உள்ள எஸ்எஸ்எச் நிரலோ பிடித்திருக்கும்.

எழுத்துகள் போய்வருவது எளிது. தலைமுனையில் எழுதியது துணைமுனையில் உள்ளீடாக வரும். துணைமுனையில் எழுதியது தலைமுனையில் வெளியீடாக வரும். ஆனால் இது வெறும் குழாய் அல்ல. நடுவில் 'லைன் டிசிப்ளின்' என்ற கர்னல் பகுதி ஒரு காவலாளியைப் போல நிற்கிறது. நாம் கண்ட்ரோல்-சி அழுத்தினால் 3 என்ற எண் கொண்ட ஒரு பைட் தலைமுனைக்குள் போகும். வழக்கமான அமைப்பில் காவலாளி அதை நிரலிடம் கொடுப்பதில்லை. அதை விழுங்கிவிட்டு, முன்னால் ஓடும் நிரலுக்கு 'நிறுத்து' என்ற சிக்னலை அனுப்பும். அடித்த எழுத்தைத் திரைக்குத் திருப்பி அனுப்பும் எதிரொலியும் அதன் பொறுப்புத்தான். பாஸ்வேர்ட் கேட்கும் நிரல் அந்த எதிரொலியை அணைத்துவிடுவதால்தான் நாம் அடிப்பது திரையில் தெரிவதில்லை.

எழுத்தாக அனுப்ப முடியாத செய்திகளும் உண்டு. ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால், அந்த அளவை எழுத்துகளோடு கலந்து அனுப்பினால் நிரல் குழம்பிவிடும். ஆகவே ஜன்னல், புதிய வரிசை, நிரை எண்ணிக்கையைக் கர்னலிடம் தனியாகப் பதிவு செய்கிறது. கர்னல் நிரலுக்கு 'சிக்விஞ்ச்' என்ற சிக்னலை அனுப்புகிறது. அந்தச் சிக்னலில் அளவு இருக்காது. 'மாறிவிட்டது, போய்ப் பார்' என்பது மட்டுமே செய்தி. நிரல்தான் கர்னலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்எஸ்எச்சில் இப்படி இரண்டு சோடிகள் இருக்கின்றன, ஒன்று நம் மடிக்கணினியில், மற்றது சர்வரில். இங்கே அளவு மாறியதும் எஸ்எஸ்எச் அதை ஒரு தனிச் செய்தியாக அனுப்ப, அங்குள்ள சோடியில் அது மறுபடியும் பதிவாகிறது.

எதிர்த்திசையிலும் செய்தி போகும். தலைமுனையைப் பிடித்திருக்கும் நிரல் 'பாக்கெட் மோட்' கேட்டு வாங்கியிருந்தால், ஒவ்வொரு வாசிப்பிலும் முதல் பைட் ஒரு குறிப்பாக வரும். அது பூச்சியம் என்றால் பின்னால் வருவது எழுத்து. வேறு எண் என்றால் துணைமுனையில் ஏதோ நிலை மாறியிருக்கிறது. உதாரணமாக, கண்ட்ரோல்-எஸ் அழுத்தி வெளியீட்டை நிறுத்தியிருக்கிறோம்.

இனி நம் கணக்குக்கு வருவோம். இணைப்புப் போனதைச் சர்வரில் உள்ள எஸ்எஸ்எச் உணர்ந்ததும் தலைமுனையை மூடிவிடுகிறது. உடனே கர்னல் ஷெல்லுக்கு 'சிக்ஹப்' என்ற சிக்னலை அனுப்புகிறது. ஷெல் முடியும்போது அதில் ஓடிய நிரலுக்கும் அது போய்ச்சேர்கிறது. 'ஹப்' என்பது ஹேங்அப், அதாவது தொலைபேசியை வைத்துவிட்டார்கள் என்று பொருள். மோடம் வழியாகப் பேசிய காலத்தில், மறுபக்கம் ஆளில்லாதபோது நிரல் வீணாக ஓடக்கூடாது என்று செய்த ஏற்பாடு இது. வேறு ஏற்பாடு செய்யாத நிரல் இந்தச் சிக்னல் வந்ததும் முடிந்துவிடும். ஆக, கணக்கை நிறுத்தியது வைஃபை அல்ல. 'ஆள் போய்விட்டார்' என்று கர்னல் சொன்ன செய்திதான்.

காரணம் தெரிந்தால் மருந்தும் எளிது. சின்ன வேலைக்கு 'நோஹப்' கட்டளை போதும்; அந்தச் சிக்னலைப் பொருட்படுத்தாதே என்று நிரலுக்குச் சொல்லிவிடும். பெரிய வேலைக்கு 1987-இல் வந்த 'ஸ்க்ரீன்' அல்லது 2007-இல் வந்த 'டிமக்ஸ்' நல்லது. இவை சர்வரிலேயே இன்னொரு போலி டெர்மினலைத் திறந்து, அதன் தலைமுனையைத் தாங்களே பிடித்துக்கொள்கின்றன. நம் இணைப்பு அறுந்தால் வெளியே உள்ள சோடிதான் மூடும். உள்ளே உள்ளது அப்படியே இருக்கும். மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெளியேறியவரின் நிரல்களை எல்லாம் முடித்துவிடும்படி சில சர்வர்களை அமைத்திருப்பார்கள். ஆகவே நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இடைநிலை முடிவுகளைக் கோப்பில் சேமிக்கும்படி நிரலை எழுதுவதும் நல்லது.

இம்மாதப் பயிற்சி: லினக்ஸ் அல்லது மேக் டெர்மினலைத் திறந்து 'டிடிஒய்' என்று அடியுங்கள், உங்கள் துணைமுனையின் பெயர் வரும். பிறகு 'எஸ்டிடிஒய் சைஸ்' அடியுங்கள். வரிசையும் நிரையும் வரும். ஜன்னலை இழுத்துவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். எண்கள் மாறியிருக்கும். இரண்டு முனைகளுக்கும் நடுவே செய்தி போனதற்கு அதுவே சாட்சி.