பவளத் தொட்டியும் அதன் காவற்கருவியும்

கடலை வீட்டினுட் கொணர்ந்து வைத்துப் போற்ற வேண்டுமென்னும் ஆசை மேனாட்டாரிடை நெடுங்காலமாக உள்ளதாகும். மீன்களோடு அமையாது, உயிருள்ள பவளங்களையே கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் வழக்கம் அமெரிக்கா, ஜெர்மனி முதலிய தேயங்களில் இந்நாளிற் பரவியிருக்கின்றது. அவ்வழக்கத்தோடு, தொட்டியின் வெப்பம், ஒளி, நீர்மட்டம் என்பவற்றை இரவும் பகலும் கண்காணித்து நடத்தும் மின்னணுக் கருவியைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் முயற்சியும் வளர்ந்துளது. அக்கருவியைக் கடையிற் கொள்வது நன்றோ, தாமே ஆக்குவது நன்றோ என்பதே ஈண்டு ஆராயப்புகுந்த பொருள். தாமே ஆக்குவது நன்று. ஆயினும், அது கெடும் வழிகளை முன்னரே எண்ணி ஆக்குவார்க்கே நன்று என்பது எமது துணிபு.

இத்தகைய கருவி வேண்டுவதன் காரணத்தை முதலில் நோக்குவோம். பவளம் கல்லுமன்று, செடியுமன்று. சிறு பிராணிகளின் கூட்டமாகும். அப்பிராணிகளின் உடலினுள்ளே நுண்ணிய பாசிகள் குடியிருந்து, ஒளியின் உதவியால் உணவு சமைத்துத் தமக்கு இடந்தந்தார்க்கும் பகிர்ந்தளிக்கின்றன. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்திற்கு மேல் 1 செல்ஷியஸ் டிகிரி உயர்ந்து சில வாரம் நிலைத்தாலும் இவ்வுறவு முறியக்கூடும். பாசியை இழந்த பவளம் வெளுத்துப் பசியால் வாடும். பரந்த கடலில் வெப்பம் மெல்லவே மாறும். சில நூறு லிட்டர் நீரே கொண்ட தொட்டியிலோ, ஹீட்டரொன்று நில்லாது எரியுமாயின் ஓரிரவே போதும். மேலும், தொட்டியினின்று நாடோறும் ஆவியாய்ப் போவது நீரேயன்றி உப்பன்று. ஆதலின் 1000 பங்கிற்குச் சுமார் 35 பங்கு என்னும் கடலுப்பின் அளவு நாளுக்குநாள் ஏறும். அஃது ஏறாதிருக்க, நன்னீரைச் சிறிது சிறிதாக வார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். மனிதர் உறங்கவும் ஊருக்குப் போகவும் வேண்டியவராதலால், உறங்காக் காவலன் ஒருவன் இன்றியமையாதவனாகின்றான்.

இக்காவலனை ஆக்குவது முன்னாளில் எஞ்சினீயர்க்கே இயல்வதாயிருந்தது. 2005ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள இவ்ரேயா நகரத்தில், வடிவமைப்புப் பயிலும் மாணவரும் எளிதிற் கையாளுமாறு ஆர்டுவினோ என்னும் சிறு பலகை தோன்றிற்று. 2012இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தினின்று ராஸ்ப்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி வெளிவந்தது. இவற்றுள் ஒன்றும், நீர்புகா உறையிலிட்ட டி.எஸ். 18பி20 என்னும் வெப்பமானியும், மின்சாரத்தைத் திறந்து மூடும் சில ரிலேக்களும், நீர்மட்டங் காட்டும் மிதவை ஸ்விட்சும் இருப்பின், கருவியின் உடல் அமைந்துவிடும். அதற்கு உயிராவது நாம் எழுதும் நிரல். வெப்பம் 25 டிகிரிக்குக் கீழ் இறங்கின் ஹீட்டரை எரிக்க, 26ஐ எட்டின் நிறுத்துக என்றாற்போல, நினைத்த விதிகளை நினைத்தபடி அதன்கண் எழுதலாம்.

கடைக்கருவி இவற்றையெல்லாம் செய்யாதோ எனின், செய்யும். பலகாலும் செவ்வையாகவே செய்யும். ஆயினும் அது மூடிய பெட்டி. தன்னுள் நிகழ்வது யாதென அது தன் உடையவனுக்குச் சொல்வதில்லை. ஒரு தொட்டிக்கு ஏற்ற விதி மற்றொன்றிற்கு ஏலாது. பெட்டியைச் செய்தவர் நினையாததொன்றை நாம் நினைப்பின், அதனை நிறைவேற்றவும் வழியிராது.

விதிகளை எழுதும் உரிமையால் விளையும் பயனுக்கு லண்டன் நகரத்து ஹார்னிமன் காட்சிச்சாலை சான்று பகரும். அங்குள்ள ஆராய்ச்சியாளர், பவளங்களின் தாய்க்கடலில் ஆண்டு முழுதும் நிகழும் வெப்ப மாறுதல், ஞாயிற்றின் எழுச்சி வீழ்ச்சி, திங்களின் வளர்வு தேய்வு ஆகியவற்றைக் கருவிகளின் வாயிலாகத் தொட்டியினுள் நடப்பித்தனர். பவளங்கள் அக்கணக்கை ஏற்று, மூடிய தொட்டியிலேயே முட்டையும் விந்தும் உமிழ்ந்தன. நான்குவகை அக்ரோபோராப் பவளங்களில் இது கைகூடிய செய்தி 2017இல் வெளியாயிற்று. 2019இல் அமெரிக்காவின் பிளாரிடா மீன்காட்சிச்சாலையார், அருகிவரும் தூண்பவளத்தையும் இத்தகைய முறையால் முட்டையிடச் செய்தனர். கருவி எவர் செய்தது என்பதன்று இங்கே நோக்கத்தக்கது. கடலின் காலக்கணக்கை ஒருவர் தம் எண்ணப்படி அதனுள் எழுத முடிந்தது என்பதே நோக்கத்தக்கது.

இனி மறுப்பாரின் வாதத்தையும் கேட்போம். கைபழகாதவன் செய்த கருவி உயிர்களைக் கொல்லாதோ என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. மேற்கூறிய வெப்பமானியின் கம்பி அறுபட்டதென்று வைத்துக்கொள்வோம். அதனைப் படிக்க ஆர்டுவினோவிற் பலரும் கையாளும் நிரற்றொகுதி, கருவி காணப்படவில்லை என்பதற்கு அடையாளமாக -127 என்னும் எண்ணைத் தரும். அறியாதவன் எழுதிய நிரலோ அதனைக் கொடுங்குளிர் என்று கொண்டு ஹீட்டரை இடைவிடாது எரிக்கும். வேலியே பயிரை மேய்ந்தாற்போல, காவலனே கொலைஞன் ஆவன். ரிலேயின் உலோக முனைகள் பொறியினால் உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதன்பின் நிரல் எத்துணை முறை ஆணையிடினும் ஹீட்டர் நில்லாது. மிதவையொன்று நத்தையால் தடைப்படின், நன்னீர் அளவின்றி வழிந்து தொட்டியின் உப்பைக் குறைத்துவிடும்.

எனினும் இவ்வாதம் கைவேலையை விலக்குவதற்குக் காரணமாகாது; கருத்தோடு செய்வதற்கே காரணமாகும். கடைக்கருவியிலும் ரிலே ஒட்டும், கம்பி அறும். செய்தவனுக்கோ, எது எங்கே கெடும் என்பது தெரியும். ஆகலின் அவன் சில நெறிகளைக் கைக்கொள்ளக் கடவன். இயலாத எண்ணை வெப்பமானி தருமாயின், அதனை நம்பாது ஹீட்டரை நிறுத்தி மணியடிக்குமாறு நிரலை அமைத்தல் ஒன்று. பெரிய ஹீட்டர் ஒன்றிற்கு மாற்றாக, தனித்து நீரைக் கொதிப்பேற்ற வலியற்ற சிறியன இரண்டை வைத்து, அவற்றிற்குரிய தனி வெப்பத்தடையையும் நீக்காது விடுதல் மற்றொன்று. நன்னீர்க் குடத்தை, முழுதும் கவிழ்ந்தாலும் தீங்கு நேராத அளவினதாகக் கொள்ளுதல் பிறிதொன்று. கருவியே உயிரிழப்பின் ஹீட்டர் அணைந்தும் நீரோட்டப் பம்ப் ஓடியும் இருக்குமாறு ரிலேயின் முனைகளைத் தெரிந்து பூட்டுதல் இன்னுமொன்று. எப்பழுது நேரினும் அது தீங்கற்ற பக்கமாகச் சாய வேண்டும் என்பதே இவை யாவற்றிற்கும் அடிப்படை.

உப்புநீரும் வீட்டு மின்சாரமும் அருகருகே இருப்பது செய்வோனின் உயிர்க்கும் அச்சம் தருவது. ஆதலின் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்பு ஸ்விட்ச் இன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது. சுவர் மின்சாரத்தைத் தொடும் பகுதியைத் தேர்ந்த மின்வினைஞரிடமே ஒப்புவித்தல் நலம்.

நம் நாட்டார்க்கு இங்கே ஒரு வரம்பும் கூறுதல் கடன். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கடலிற் பவளத்திட்டுகள் உள்ளன. முன்னாளில் அவற்றை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டனர். 2010இலும் 2016இலும் கடல்நீர் வெம்மையுற்று அவை வெளுத்தன. 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் அக்கடற்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களையும் காக்கின்றது. ஆதலின் நம் மாணவர் கடலிற் பவளம் எடுத்தல் ஒருபோதும் தகாது. ஆயினும் கருவியாக்கும் கல்விக்குப் பவளமே வேண்டுமென்பதில்லை. விலங்கியற் சாலையில் நன்னீர்த் தொட்டியொன்று இருந்தாலும் அமையும். வெறும் நீர்நிறைந்த தொட்டி அதனினும் நன்று. பௌதிகம் பயில்வாரும் விலங்கியல் பயில்வாரும் ஒருங்கிருந்து கருவியை ஆக்கி, உயிரொன்றும் இடாமுன்னர்த் தாமே கம்பியை அறுத்தும் மிதவையை அழுத்தியும் அது என் செய்கின்றதென்று பார்ப்பாராக.

மாணவ நண்பர்காள்! பிறர் செய்த பெட்டியை வாங்கித் திருப்பத் தெரிவது கல்வியன்று. ஓருயிரின் வாழ்விற்கு வேண்டுவன யாவை என்று கேட்டு, அவற்றை விதிகளாக எழுதி, அவ்விதி பிழைக்குமிடத்தும் அவ்வுயிர் பிழைத்திருக்க வழிகாணுதலே கல்வியாகும். அக்கல்வியைச் சிறு தொட்டியொன்று நமக்குக் கற்பிக்குமாயின், அதனைக் கற்க நாம் நாணுவதென்னை?