வெறுந் துவக்கு என்று சொன்னது யார்?

2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை ஐந்தாம் இலக்க நீதவான் நீதிமன்றத்தில் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டபோது, சட்ட நூலொன்றின் பக்கங்களைக் குடைந்து உள்ளே கொண்டுவரப்பட்ட சுழல் துப்பாக்கியைப் பற்றியே ஊர் முழுக்கப் பேச்சு. வாசலிற் சோதனை இறுகவேண்டும் என்றார்கள். நியாயந்தான். ஆனால் அதே வாசலால், பொலிஸாரின் கையில், முத்திரையிட்ட பொதியாக, சான்றுப் பொருள் என்ற பெயரில் வரும் துப்பாக்கிகளும் உண்டல்லவா? அவற்றில் ரவை இல்லை என்பதை யார், எப்போது பார்க்கிறார்கள்?

வீண் பயமென்று எண்ணவேண்டாம். 2019 நவம்பரில் தென்னாபிரிக்காவின் இக்சோப்போ நீதிமன்றத்தில், கொள்ளை வழக்கொன்றின் சான்றாக வந்த வேட்டைத் துவக்கு வெடித்து, அரச தரப்பு வழக்குத் தொடுநரான பெண்மணி உயிரிழந்தார். 1871இல் அமெரிக்காவின் ஒகையோவில் வலண்டிகம் என்ற புகழ்பெற்ற சட்டத்தரணி, இறந்தவர் தன்னைத்தானே தவறுதலாகச் சுட்டிருக்கலாம் என்று சக சட்டத்தரணிகளுக்கு நடித்துக் காட்டினார். அருகருகே இரண்டு கைத்துப்பாக்கிகள் கிடந்தன. ஒன்றிலே ரவை இருந்தது. எடுத்தது அதை. கட்சிக்காரர் பிற்பாடு விடுதலையானார். சட்டத்தரணி மறுநாளே இறந்துபோனார்.

பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. குழல்வாய் ஆளில்லாத திசையில். விரல் விசைக்கு வெளியே. கைத்துப்பாக்கியானால் முதலில் மகசீனைக் கழற்றவேண்டும். அதோடு முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். குழலின் அடியிலுள்ள அறையில் ஒரு ரவை தங்கியிருக்கலாம். ஆகவே மேற்பாகத்தைப் பின்னிழுத்து, அந்த அறையைக் கண்ணால் பார்க்கவேண்டும். வரிசையை மாற்றி முதலிலேயே பின்னிழுத்தால், வெளியே விழுந்த ரவையின் இடத்துக்கு மகசீனிலிருந்து இன்னொன்று ஏறிவிடும். சுழல் துப்பாக்கியில் உருளையை வெளியே சாய்த்து ஒவ்வொரு துளையையும் பார்க்கவேண்டும். நமது இடியன் துவக்குத்தான் பொல்லாதது. மருந்தும் சன்னமும் வாய்வழியே இடிக்கப்படுவதால் திறந்து பார்க்க ஏதுமில்லை. கோலை உள்ளே விட்டு ஆழத்தைக் குழலின் நீளத்தோடு ஒப்பிடவேண்டும். அது பழகியவர் செய்யவேண்டிய வேலை.

அரச பகுப்பாய்வாளரிடம் போய் வந்த துவக்குத்தானே என்பார்கள். அதன் பிறகு அது எத்தனை கைகள் மாறுகிறது, எத்தனை அலுமாரிகளில் உறங்குகிறது! பொதியின் மேல் எழுதப்பட்டிருப்பது எழுதிய நாளின் செய்தி மட்டுமே.

பொதி பிரிக்கப்பட்டதும் கொண்டுவந்த உத்தியோகத்தர் திறந்து காட்டட்டும். வாங்குபவர் தாமும் பார்க்கட்டும். பார்த்தது வழக்கேட்டிற் பதியப்படட்டும். ஒரு நிமிடம் போதும். திறந்து காட்டாத துப்பாக்கியைக் கையில் வாங்க மறுக்கும் முதற் சட்டத்தரணியைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டுமே.